ஊட்டி கோச்சியும் நம்ம ராகலை லைனும்

அன்புள்ள மச்சான்,

சுகமா? உன் மக ஓ.எல். பரீட்ச பாஸ் பண்ணின மெசேஜ் பார்த்து வீட்டுல எல்லாருக்கும் ரொம்ப சந்தோசம், அவ சயன்ஸ் படிக்க ஆசப்பட்டா விட்டுரு, நுவரெலியாவுல கிளாஸ் இருக்கு, நான் பாத்துக்கிறேன்னு தங்கச்சிகிட்ட சொல்லு. இங்க ரெண்டு கிழமையா மழ, இப்பதான் கொஞ்சம் வெயில் அடிக்குது.

விசயம் என்னன்னா நான் குன்னூர் போயிட்டு வந்தேன்டா. சித்தப்பா குடும்பம், நம்ம தோட்டத்து ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்பின சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல பேரு வந்து தலைமன்னார்ல கப்பல் ஏறிப் போனவங்கன்னு உனக்குத் தெரியும்ல, அங்க அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துலதான் அவங்களுக்கு வேல குடுத்தாங்க, இப்ப புள்ளைங்க எல்லாம் டவுன்ல இருக்குதுங்க. அவங்கதான் கட்டாயம் ஊட்டிக்குப் போற அந்த நீராவி ரயில்ல, நம்ம பாஷையில கோச்சியில, போகணும்னு மேட்டுப்பாளையத்துல ஏத்தி விட்டாங்க.

மச்சான், நம்ம பதுளை கோச்சியில பழகின நமக்கு இது வேற மாதிரி. எஞ்சின் முன்னால இல்ல, பின்னால நின்னு தள்ளிக்கிட்டு வருது. கல்லாறு தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச இரும்புப் பட்டை ரெண்டு வரிசையா ஓடுது, எஞ்சினுக்கு அடியில இருக்க பல்சக்கரம் அதக் கவ்விக் கவ்வி ஏறுது, பன்னெண்டு அடி போனா ஒரு அடி ஏத்தம், சறுக்காம ஏற வேற வழியே இல்ல. டிரைவருக்கு முன்னால இருக்க பாதை தெரியாதுல்ல, அதனால ஒவ்வொரு பெட்டி முன்னாலயும் ஒரு ஆள் பிரேக்கோட கொடியும் வச்சுக்கிட்டு நிக்கிறாரு, முதல் பெட்டிக்காரரு பாதையப் பார்த்து பச்சைக் கொடி காட்டுறாரு, அத பார்த்து அடுத்தவரு, அப்பறம் அடுத்தவரு, அப்படியே எஞ்சின் வரைக்கும் போவுது. நான் உக்காந்த பெட்டியில நின்னவருக்கு நம்ம அப்பாமாரு வயசு இருக்கும், குகை வரும்போது கூட கண்ண எடுக்கல. ஹில்குரோவ்ல தண்ணி புடிக்க நிப்பாட்டினப்ப இறங்கி அந்தப் பல்லுப் பட்டையத் தொட்டுப் பார்த்தேன், கையெல்லாம் கிரீஸ். குன்னூர் வரைக்கும் 1899-லயும் ஊட்டி வரைக்கும் 1908-லயும் போட்ட லைன், 2005-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேத்துட்டாங்க.

எனக்கு வழியெல்லாம் முன்ன நம்ம பக்கம் ஓடின ராகலை ரயில் லைன் ஞாபகம்தான்டா. கொழும்புல இருந்து வர்ற மெயின் லைன் நானுஓயாவுக்கு 1885-ல வந்துச்சு, அங்க இருந்து நுவரெலியாவுக்கு 1903-ல, அடுத்த வருசம் கந்தப்பளை வழியா ராகலைக்கு. வெறும் ரெண்டரை அடி அகலம், ஊட்டி லைன விட குறுகல், பல்லுப் பட்டையும் கிடையாது, மலையச் சுத்திச் சுத்தியே ஏறியிருக்கு. இப்ப இருக்கிறதுலயே உசரமான ஸ்டேசன் பட்டிப்பொல, அங்க போர்டுல 6226 அடின்னு எழுதியிருக்கும்ல, கந்தப்பளை ஸ்டேசன் அதவிட உசரம். நம்ம தாத்தாமாரு பறிச்ச கொழுந்து தேயிலை ஸ்டோர்ல அரைச்சு தூளாகி பெட்டி பெட்டியா அதுலதான இறங்குச்சு. லொறியும் பஸ்ஸும் வந்ததும் நட்டம்னு நாப்பதுகள்ல மூடி தண்டவாளத்தையும் கழட்டிட்டாங்க. ஊட்டியிலயும் ரோடு இருக்கு, பஸ் இருக்கு, ஆனாலும் வச்சிருக்காங்க. நமக்கு ஒரு போர்டு கூட இல்ல, இந்த இடத்துல கோச்சி ஓடுச்சுன்னு சொல்ல. அதுதான் எனக்குத் தாங்கல.

தண்டவாளம் திரும்ப வரும்னு நான் சொல்ல வரல. ஆனா தடம் இன்னும் அங்கங்க தெரியுது, ரோட்டோரமா ஒரே சீரா வளைஞ்சு போற மேடு, தோட்டத்துக்குள்ள வெட்டின கரை. எங்க ஸ்டேசன், எங்க தண்ணித் தொட்டின்னு காட்டுறதுக்கு ஆளுங்க குறைஞ்சுக்கிட்டே வராங்க. உங்க அப்பா ராகலையில வளந்தவரு, அவங்க அப்பா சொன்ன கதையெல்லாம் அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கும், நீ கோல் எடுக்கும்போது கொஞ்சம் கேளு, முடிஞ்சா ரெக்கோட் பண்ணி வாட்ஸ்அப்புல அனுப்பு. டிசம்பர்ல நீ வரும்போது நாம ரெண்டு பேரும் நானுஓயாவுல இருந்து கந்தப்பளை வரைக்கும் அந்தத் தடத்துலயே நடப்போம், மகளையும் கூட்டிக்கிட்டு வா, படம் எடுத்து ஒரு மெப் போடுவோம், பள்ளிக்கூடத்துல ஒட்டுறதுக்கு நான் பிரின்சிபல்கிட்ட பேசிட்டேன்.

டோஹாவுல இருந்து டிக்கட் போட்டதும் திகதிய சொல்லுடா, நான் இங்க லீவு போடணும்.

உன் மச்சான்
கந்தப்பளை