பழகிய டைவர்களுக்கான படகு என்று விற்கப்பட்ட பயணம் குறித்த புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், செம்பூர், மும்பை
பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள், தலைமை அலுவலகம், சென்னை
நாள்: 14.7.2025
பொருள்: பிப்ரவரி 2025 அந்தமான் டைவிங் பயணம் – முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் மும்பைக் கிளைக்கு ஆங்கிலத்தில் ஆறு மின்னஞ்சல்கள் அனுப்பி, இந்தியில் கணக்கற்ற முறை தொலைபேசியில் பேசி ஓய்ந்துவிட்டேன். நீங்கள் தமிழர் என்று அந்தக் கிளையின் காவலாளி, திருநெல்வேலிக்காரர், சொன்னதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். இந்த ஐந்து மாதங்களில் உங்கள் நிறுவனத்தில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

நானும் என் நண்பர்கள் மூவரும் புதிதாகக் கடலில் இறங்குபவர்கள் அல்லர். எங்களில் குறைந்த அனுபவம் உள்ளவரே 110 டைவ் செய்திருக்கிறார். ஒவ்வொரு டைவையும் குறித்துவைக்கும் என் லாக் புத்தகத்தில் 240 இருக்கின்றன. ஹேவ்லாக் தீவில் மூன்று நாள், பழகிய டைவர்கள் மட்டுமே ஏறும் படகு, எட்டுப் பேருக்கு மேல் இல்லை, நான்கு பேருக்கு ஒரு வழிகாட்டி, 32 சதவீத நைட்ராக்ஸ் (சாதாரணக் காற்றைவிட ஆக்சிஜன் கூடிய காற்று), டிக்ஸன்ஸ் பினக்கிளும் ஜானீஸ் கார்ஜும் கட்டாயம் உண்டு என்று உங்கள் கிளை எழுத்தில் கொடுத்த உறுதியை நம்பி, ஆளுக்கு 46,000 வீதம் 1,84,000 ரூபாய் செலுத்தினோம். இந்த இடங்கள் ஆழமும் நீரோட்டமும் மிகுந்தவை, புதியவர்களுக்கு ஏற்றவை அல்ல என்பதை அவற்றை விற்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முன்பதிவுக்கு முன் இன்னொரு நிறுவனத்தையும் விசாரித்தோம். கடைசியாக எப்போது டைவ் செய்தீர்கள், எவ்வளவு ஆழம் போயிருக்கிறீர்கள், லாக் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள் என்று அவர்கள் நச்சரித்தார்கள். உங்கள் கிளையோ கார்டு எண்ணைத் தவிர எதையும் கேட்கவில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டது எங்கள் மடமை. எங்களிடம் எதுவும் கேட்காதவர்கள், படகில் ஏறும் மற்றவர்களிடமும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது படகைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

படகில் எங்களோடு பதினேழு பேர். அவர்களில் பதினொருவர் வாழ்க்கையில் முதல் முறையாக முகமூடி அணிபவர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதுமணப் பெண், மூச்சுவிட வாயில் கடிக்கும் ரெகுலேட்டரைத் தலைகீழாக வாயில் வைத்துக்கொண்டு, சரியா என்று கண்ணாலேயே என்னைக் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் என்னைப் போலவே ஏமாற்றப்பட்டவர். முதல் முறை இறங்குபவரை 12 மீட்டருக்குக் கீழே அழைத்துச் செல்லக் கூடாது என்பதால், படகு முதல் இரண்டு நாளும் ஆழமற்ற நீமோ ரீஃபை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாளும் ஆழம் குறைந்த வேறோர் இடத்துக்குத்தான் போனது. இருந்த இரண்டு வழிகாட்டிகளும் புதியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, நாங்கள் நால்வரும் கோமாளி மீன்களையே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுக் கரை திரும்பினோம்.

நைட்ராக்ஸுக்காகச் சிலிண்டருக்கு 500 ரூபாய் கூடுதலாக வாங்கினீர்கள். நான் கொண்டுபோயிருந்த ஆக்சிஜன் மானியை வால்வில் பிடித்துப் பார்த்தேன். எண் 20.9-ஐ விட்டு அசையவில்லை. அதாவது செம்பூர் நாகாவில் நின்று நான் இலவசமாக மூச்சுவிடும் அதே காற்று. 32 சதவீதம் என்று நம்பி, கையில் கட்டும் டைவ் கணினியையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டு, ஒருவர் 30 மீட்டரில் இருபது நிமிடத்துக்கு மேல் தங்கியிருந்தால், உடலில் அளவுக்கு மீறிச் சேரும் நைட்ரஜன் மேலே வரும்போது குமிழிகளாகி என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவசர ஆக்சிஜனைக் காட்டச் சொன்னபோது பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார்கள். அதன் அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் இருந்தது.

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கடந்த 9-ஆம் தேதி நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. நேரில் வந்தால் பணம் கிடைக்கும் என்று உங்கள் கிளை சொன்னதால், அரை நாள் விடுப்பு எடுத்து, கொட்டும் மழையில் வடாலாவில் ரயில் மாறி, அந்தேரியில் முழங்கால் தண்ணீரில் நடந்து, லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் நான்கு மாடி ஏறினேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்த இளைஞர் என் கோப்பைத் திறக்காமலே, "அங்கிள், பானி தோ பானி ஹை" என்றார். தண்ணீர் எல்லாம் தண்ணீர்தானாம்! பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. அலுவலகத்தில் நாற்பது பேர் என்னை "சார்" என்கிறார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அத்தோடு விட்டாரா? "ஈடாக நான்காம் நாள் காலை ஒரு டைவ் இலவசமாகக் கொடுத்தோம், நீங்கள்தான் மறுத்தீர்கள், ஆகவே ரீஃபண்ட் கிடையாது" என்றார். ஐயா, அன்று பிற்பகல் போர்ட் பிளேரிலிருந்து எங்களுக்கு விமானம் என்பது நீங்களே போட்டுக் கொடுத்த டிக்கெட்டில் இருக்கிறது. நாள்தோறும் டைவ் செய்தவர் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது முதல் வகுப்பிலேயே சொல்லித்தரும் பாடம். விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது அதே குமிழி ஆபத்து உண்டு. டைவிங் விற்கும் நிறுவனம், உடலில் நைட்ரஜன் குமிழியோடு எங்களை மேகத்துக்கு மேல் அனுப்பப் பார்த்துவிட்டு, மறுத்ததைக் குற்றம் என்கிறது. மூன்றாம் மின்னஞ்சலிலேயே இதை எழுதியிருந்தேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது.

என் இருபது ஆண்டுக் கனவை நீங்கள் கடலில் கரைத்துவிட்டீர்கள். மனைவி இனி எந்தப் பயணத்துக்கும் என்னை நம்பிப் பணம் தர மாட்டேன் என்கிறார். ஆகவே 1,84,000 ரூபாயோடு, நைட்ராக்ஸ் என்று வாங்கிய தொகையையும், மன உளைச்சலுக்கு 2,00,000 ரூபாயையும், அந்த இளைஞரிடமிருந்து எழுத்து மூலமான மன்னிப்பையும் கோருகிறேன். நீங்கள் நியாயமானவர் என்றே இன்னும் நம்புகிறேன்; தவறு கிளையோடு நின்றிருக்கலாம்.

பதினைந்து நாள்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், அடுத்த முறை ரயில் மாறி வர வேண்டியவர்கள் உங்கள் ஆட்கள்தான். மானியின் படம், பயண உறுதிக் கடிதம், விமான டிக்கெட் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். பணத்தை வங்கிக் கணக்கிலேயே செலுத்திவிடுங்கள். அந்த நான்கு மாடியை மறுபடி ஏற என்னால் ஆகாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்