பட்டா கேட்ட அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள விழுப்புரத்துக்காரர்களுக்கு,

ஒருவழியாகத் திருநங்கைகள் பற்றிய ஆவணப்படத்தை உங்கள் ஊரில் போட்டு முடித்துவிட்டோம். கடைசி நேரத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும், அதை இங்கே கிளறப் போவதில்லை. ராத்திரியோடு ராத்திரியாக மாடியைத் திறந்துவிட்டவர், புரொஜெக்டர் கொடுத்த தம்பி, வாடகையே வேண்டாம் என்ற மைக் செட் அண்ணன், நாற்காலி சுமந்த கல்லூரிப் பிள்ளைகள், தெருமுனையில் காவலாக நின்ற தோழர்கள், எல்லோருக்கும் நன்றி. ஆளுக்கு ஒரு பத்தி எழுதினால் இது முடியாது, கோவித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் பின்வரிசையில் இருந்த அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

திருநங்கைகள் பற்றிய ஆவணப்படம் என்றால் கூவாகம் திருவிழாவும் அங்கே நடக்கும் தாலியறுப்பும் இருக்கும் என்று நினைத்துத்தான் பலர் வருகிறார்கள். இதில் அதெல்லாம் கிடையாது. திருநங்கைகள் நலவாரியம் 2008இல் வந்தது, எங்களை மூன்றாம் பாலினமாக ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014இல் வந்தது. அதற்கப்புறமும் ஒருத்தி வீட்டுமனைப் பட்டாவுக்கு மனுவோடு அலைகிறாள். படம் முழுக்க அந்த அலைச்சல்தான். விளக்கைப் போட்டதும் ஒருவர் கண் கலங்கிவிட்டதாகச் சொன்னார். இன்னொருவர் ஆபரேஷன் பற்றிக் கேட்டார். எந்த ஊரானாலும் அந்தக் கேள்வி வந்துவிடும். அப்போது அந்த அம்மா எழுந்து, மைக்கைக்கூட வாங்காமல், "அந்தப் பொண்ணுக்குப் பட்டா கெடைச்சுதா இல்லையா?" என்றார்.

இல்லை என்றோம். "மனுவுக்கு ரசீது வாங்குனாளா?"

விதவை பென்ஷனுக்காகத் திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸ் போனவராம். மஞ்சப்பையிலிருந்து பாலிதீன் கவரில் சுற்றிய ரசீதுகளை எடுத்துக் காட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது, அழிந்துபோன நம்பரின் மேல் பேனாவால் திரும்ப எழுதியிருந்தார். "இந்த நம்பரச் சொன்னாத்தான் தேடுவாங்க. வெறுங்கையோட போனா புது மனு குடுன்னு சொல்வாங்க."

கண்ணீரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்களுக்காக அழுகிறவர்கள் எங்களைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தித்தான் அழுகிறார்கள். அந்த அம்மாவுக்கு நாங்கள் அதே க்யூவில் பின்னால் நிற்கிற ஆட்கள். பெயர் கேட்டதற்கு, "பேரு எதுக்கும்மா, மொதல்ல அவள ரசீது வாங்கச் சொல்லு" என்று கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

சொல்லிவிட்டோம் அம்மா. இனி எங்கே படம் போட்டாலும் வாசலில் மனு எழுத ஒரு மேசை இருக்கும். திருநங்கை, திருநம்பி மட்டுமில்லை, யார் வேண்டுமானாலும் வரலாம். ஆதார் நகலும், பழைய ரசீது இருந்தால் அதுவும் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
திரையிடல் குழுவுக்காக ஒரு திருநங்கை