1938 வானொலி நாடகத்தை வகுப்பில் இப்படிச் சொல்லாதீர்கள்: ஊடகவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இதழியலும் விஸ்காமும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஊடகங்களின் தாக்கம் என்று பாடம் ஆரம்பித்தால் கூடவே 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' என்ற அந்த 1938 அமெரிக்க வானொலி நாடகமும் வந்துவிடுகிறது. செவ்வாய் கிரகத்து ஆட்கள் பூமியில் இறங்கிவிட்டதாக ஆர்சன் வெல்ஸ் ஒரு நாடகம் போட்டார், பத்து லட்சம் பேர் அதைச் செய்தி என்று நம்பி அலறியடித்து ஓடினார்கள், நாடே தெருவுக்கு வந்தது, ஆகவே ஊடகம் எதை ஊட்டினாலும் ஜனங்கள் அப்படியே விழுங்குவார்கள், ஊடகம் சொல்வது ஊசி மருந்து போல எல்லாருக்குள்ளும் நேராக ஏறும் என்கிற ஹைப்போடெர்மிக் நீடில் கோட்பாட்டுக்கு இதுவே சாட்சி என்று முடியும். இதைக் குறிப்பெடுத்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டு வெளியே வரும் பிள்ளைகள்தான் நாளைக்குச் செய்தி அறைகளில் உட்காரப்போகிறார்கள். அந்தக் கதையில் பாதி ஊதிப் பெருக்கியது. அதிலிருந்து நாம் எடுக்கும் பாடமோ முழுக்கவே தப்பு. தயவுசெய்து மாற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்தது என்ன? 1938 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை, இரவு 8 மணி. நியூயார்க்கில் சிபிஎஸ் என்ற வானொலி நிறுவனத்தின் ஸ்டுடியோ. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1898-ல் நூலாக வெளியிட்ட, அதே பெயருள்ள நாவலை ஹோவர்டு கோக் என்ற இளம் எழுத்தாளர் வானொலிக்கு மாற்றி எழுதியிருந்தார். ஆர்சன் வெல்ஸுக்கு அப்போது வயது 23. தொடக்கத்திலேயே இது நாடகம் என்று அறிவிப்பாளர் சொல்லிவிட்டார். அப்புறம் வானிலை அறிக்கை, ஒரு ஹோட்டலில் இருந்து நடன இசை, நடுவில் இசையை நிறுத்திவிட்டு ஒரு சிறப்புச் செய்தி, மறுபடி இசை, மறுபடி செய்தி என்று போகும். பிறகு நியூஜெர்சி மாநிலத்து குரோவர்ஸ் மில் என்ற ஊரில் ஒரு பண்ணையில் இருந்து நிருபர் நேரடியாகப் பேசுகிறார். விழுந்து கிடக்கும் உருளை திறக்கிறது, உள்ளிருந்து ஏதோ ஊர்ந்து வருகிறது, நெருப்புக் கதிர் பாய்கிறது, நிருபரின் குரல் பதறுகிறது, சட்டென்று மைக் அறுந்துபோகிறது. அதன் பின் சில நொடிகள் எந்தச் சத்தமும் இல்லை. வானொலியில் அந்த அமைதி எவ்வளவு நீளமாகத் தெரியும் என்று ஸ்டுடியோவில் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிருபராக நடித்த பிராங்க் ரீடிக், அதற்கு முந்தைய ஆண்டு ஹிண்டன்பர்க் விமானக் கப்பல் எரிந்து விழுந்ததை நேரில் வர்ணித்த செய்தியாளரின் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுத்தான் தயாரானார். வானொலி நாடகக் கலையில் இதற்கு இணையாக வெகு சிலவற்றைத்தான் சொல்ல முடியும் என்பது என் எண்ணம், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு ஆசையில்லை.

இனி கேட்டவர்கள் கணக்குக்கு வருவோம். அன்று இரவு, வானொலி நேயர்களைக் கணக்கெடுக்கும் சி.ஈ. ஹூப்பர் நிறுவனம் 5,000 வீடுகளுக்குத் தொலைபேசி செய்து என்ன நிகழ்ச்சி கேட்கிறீர்கள் என்று விசாரித்தது. ஆர்சன் வெல்ஸின் நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சுமார் 2 சதவீதம். பெரும் கூட்டம் அதே நேரத்தில் என்பிசி என்ற போட்டி வானொலியில் எட்கர் பெர்கனின் பொம்மைக் குரல் நகைச்சுவையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. நாடே தெருவுக்கு வந்தது என்று நாம் சொல்லும்போது, நாட்டில் பெரும்பாலானோர் அந்த நிகழ்ச்சியைக் கேட்கவே இல்லை என்பதை மாணவர்களிடம் சொல்கிறோமா?

பயந்தவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. பயந்தார்கள். நியூஜெர்சியின் நெவார்க் நகரில் ஒரே தெருவில் இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் விஷவாயுவுக்குப் பயந்து ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு வெளியே ஓடிவந்ததாக மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் எழுதியது. டிரென்டன் நகரில் காவல்துறையின் தொலைபேசி இணைப்புகள் சில மணி நேரம் முடங்கிப்போயின. அந்த நகர நிர்வாகம் வானொலியை மேற்பார்க்கும் அரசு ஆணையத்திடம் புகாரே கொடுத்தது. ஆனால் அதே செய்தியை இன்னொரு பக்கமாகவும் பாருங்கள். தொலைபேசி ஏன் முடங்கியது? ஜனங்கள் போலீசைக் கூப்பிட்டு, பத்திரிகை அலுவலகத்தைக் கூப்பிட்டு, 'இது நிஜமா' என்று கேட்டார்கள். நியூயார்க் டைம்ஸுக்கு மட்டும் 875 அழைப்புகள் வந்தன. சந்தேகம் வந்தவுடன் வேறொரு இடத்தில் விசாரிப்பது, சரிபார்ப்பது, இதைத்தானே நாம் செய்தியாளர் வேலையின் அரிச்சுவடி என்று சொல்லிக்கொடுக்கிறோம்? அதைச் செய்தவர்களைப் பீதியடைந்த கும்பல் என்று எழுதிவைத்திருக்கிறோம். எனக்கு இதில் உண்மையிலேயே மனம் ஆறவில்லை.

ஏன் நம்பினார்கள் என்பதும் பாடத்தில் வர வேண்டும். ஒரு மாதம் முன்புதான் ஐரோப்பாவில், செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லர் கேட்டதால் வந்த மியூனிக் நெருக்கடி. போர் மூளுமா மூளாதா என்று நாள்தோறும் நிகழ்ச்சிகளை நடுவில் நிறுத்தி அவசரச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது வானொலி, அதிலும் முன்னணியில் நின்றது இதே சிபிஎஸ். இசை நிற்பதும், ஒரு பதற்றமான குரல் வருவதும், அந்தச் சில வாரங்களில் நேயர்களுக்கு நன்றாகவே பழகிப்போயிருந்தது. பலர் நிகழ்ச்சியின் நடுவில்தான் வந்து சேர்ந்தார்கள், தொடக்க அறிவிப்பைக் கேட்டிருக்க வழியில்லை. இன்னொன்றும் உண்டு. பயந்தவர்களில் கணிசமானோர் செவ்வாய்க் கிரகத்தாரை நம்பவே இல்லை. ஜெர்மானியர்கள்தான் படையெடுத்து வந்துவிட்டார்கள், அறிவிப்பாளருக்கு அது புரியவில்லை என்று நினைத்தார்கள். 1938-ல் அப்படி நினைத்தது அசட்டுத்தனமா? வாஷிங்டன் மாநிலத்தில் காங்கிரீட் என்று ஒரு சிறிய மலையூர். நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோது, தற்செயலாக அங்கே மின்நிலையம் பழுதாகி ஊர் முழுக்க விளக்கு அணைந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். அந்த இருட்டில் நானோ நீங்களோ இருந்திருந்தால் உட்கார்ந்திருப்போமா?

அப்படியானால் இந்த 'நாடே ஓடியது' என்ற கதை எங்கிருந்து வந்தது? பத்திரிகைகளிடம் இருந்து. பொருளாதார மந்தக் காலத்தில் விளம்பர வருமானம் பத்திரிகைகளை விட்டு வானொலிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வானொலி செய்தி வாசிப்பதையே கட்டுப்படுத்த 1933-ல் ஒரு ஒப்பந்தம் போட்டு, ஒரு நாளைக்கு ஐந்து நிமிடச் செய்தி இரண்டே தடவை என்று நிபந்தனை வைத்துப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. இந்த நாடகம் அவர்களுக்குக் கையில் வந்து விழுந்த ஆயுதம். அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்த துணுக்குச் செய்திகளைக் கோத்து ஒரே நாளில் தேசியப் பீதி ஆக்கினார்கள், வானொலிக்குப் பொறுப்பில்லை என்று தலையங்கம் எழுதினார்கள். குரோவர்ஸ் மில்லில் துப்பாக்கியும் கையுமாக நிற்கும் ஒரு முதிய விவசாயியின் படம் இன்றும் பாடப்புத்தகங்களில் சுற்றுகிறதே, அது நாடகம் முடிந்த பிறகு புகைப்படக்காரருக்காக நிற்கவைத்து எடுத்தது. ஒரு ஊடகம் தன் போட்டியாளரைப் பற்றி எழுதியதை அப்படியே சரித்திரம் என்று எடுத்துக்கொண்டோம். ஊடகவியல் வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல பாடம் வேறு என்ன வேண்டும், அதைத்தான் விட்டுவிடுகிறோம்!

அந்தப் பத்து லட்சம் கணக்கு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ஹேட்லி கான்ட்ரில் 1940-ல் வெளியிட்ட ஆய்வில் வருவது. விரிவாக நேர்காணல் செய்தது 135 பேரை மட்டும், அவர்களும் பெரும்பாலும் நியூஜெர்சிக்காரர்கள், அவர்களிலும் பயந்தவர்களையே தேடிப் பிடித்துப் பேசினார்கள். ஆனாலும் அந்த ஆய்வை நான் குறைசொல்ல மாட்டேன், ஏனென்றால் அதன் முடிவு நீங்கள் சொல்லித்தருவதற்கு நேர் எதிர். ஒரே நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை, படிப்பு, மத நம்பிக்கை, பொருளாதார நிலை, கூட இருந்தவர்கள், விசாரித்துப் பார்க்கும் பழக்கம் என்று எத்தனையோ விஷயங்கள் சேர்ந்துதான் ஒருவர் நம்பினாரா இல்லையா என்பதைத் தீர்மானித்தன என்கிறது அது. ஊசி போட்டதும் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறும் என்ற கோட்பாட்டை உடைக்கும் ஆய்வை, அந்தக் கோட்பாட்டுக்கே ஆதாரமாக மேற்கோள் காட்டுகிறோம். ஆர்சன் வெல்ஸுக்கு நேயர்கள் எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பாராட்டுக் கடிதங்கள்.

வகுப்பில் சொல்லாமல் விடும் இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் முதலில் வர வேண்டும். 1949 பிப்ரவரி 12, சனிக்கிழமை இரவு. எக்வடோர் நாட்டின் தலைநகர் கீட்டோ. ரேடியோ கீட்டோவில் பெனிட்டெஸ், வலென்சியா என்ற புகழ்பெற்ற இரட்டையரின் பாட்டு போய்க்கொண்டிருந்தது. அதை நடுவில் வெட்டி அவசரச் செய்தி வந்தது. அதே நாவல்தான், லியோனார்டோ பாயெஸ் என்பவர் ஊருக்கு ஏற்ப மாற்றியிருந்தார். லத்தாகுங்கா அழிந்துவிட்டது, நகரின் வடக்கே கோட்டோகொல்யாவ் வரை செவ்வாய்க் கிரகத்தார் வந்துவிட்டார்கள் என்று நேயர்கள் தினமும் பார்க்கும் ஊர்களின் பெயர்கள் வந்தன. அமைச்சரின் குரல், மேயரின் குரல் போலவே நடிகர்கள் பேசினார்கள். இது நாடகம் என்று முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. போலீசும் ராணுவமும் கோட்டோகொல்யாவை நோக்கிப் புறப்பட்டுப் போனார்கள். நிலைமை கைமீறுவது தெரிந்து, இது வெறும் நாடகம்தான் என்று நிலையம் அறிவித்தது. அந்த நிமிடமே பயம் கோபமாக மாறியது. வானொலி நிலையம் இருந்தது எல் கொமர்சியோ நாளிதழின் கட்டடத்தில். கூட்டம் கல்லெறிந்தது, அப்புறம் தீ வைத்தது. அச்சகத்தின் காகிதமும் மையும் இருந்த கட்டடம், எப்படி எரிந்திருக்கும் என்று யோசியுங்கள். மேல் மாடியில் சிக்கியவர்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். காப்பாற்ற வேண்டிய போலீஸ் ஊர் எல்லையில் இல்லாத எதிரியைத் தேடிக்கொண்டிருந்தது. குறைந்தது ஆறு பேர் இறந்தார்கள். பாயெஸ் தப்பினார், பிறகு வெனிசுவேலாவில் வாழ்ந்தார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் தானே வரும். சிபிஎஸ் நிர்வாகம் ஒலிபரப்புக்கு முன்பே பிரதியை வாங்கிப் படித்து நிஜமான ஹோட்டல், நிறுவனப் பெயர்களை மாற்றச் சொன்னது, தொடக்கத்திலும் நடுவிலும் நாடகம் என்று அறிவித்தது, அது கொஞ்சம் தாமதம் என்றாலும் செய்தது. கீட்டோவில் இவற்றில் ஒன்றும் இல்லை. ஜனங்கள் எவ்வளவு அறிவாளிகள் என்ற கேள்வியே இதில் எழவில்லை. சொல்பவர்கள் தங்கள் பேரில் ஜனங்கள் வைத்த நம்பிக்கையை எப்படிக் கையாண்டார்கள் என்பதுதான் கேள்வி. 1926 ஜனவரியில், இதற்கெல்லாம் முன்பே, ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார் பிபிசியில் லண்டனில் கலவரம், பிக் பென் கோபுரம் இடிந்தது என்று கேலியாக ஒரு நிகழ்ச்சி செய்தார். பனியால் மறுநாள் கிராமங்களுக்குப் பத்திரிகை வந்து சேரவில்லை, லண்டன் நிஜமாகவே போய்விட்டது என்று சிலர் பயந்தார்கள். அங்கேயும் காரணம் அதேதான்: விசாரிக்க வழி இல்லை.

நேயரை ஏமாளி என்று நம்பி வளரும் செய்தியாளர், வாசகர் போன் செய்து கேட்டால் எரிச்சல்தான் படுவார். திருத்தம் போட வேண்டிய இடத்தில் 'யார் கவனிக்கப்போகிறார்கள்' என்பார். அந்த மனப்பான்மைக்கு நம் பாடம் தெரியாமலே விதை போடுகிறது என்பதுதான் என் கவலை.

அதனால் வரும் பருவத்தில் இதைச் செய்து பாருங்கள். அந்த நாடகத்தின் ஒலிப்பதிவு இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. கதையைச் சொல்லாமல் முதல் இருபது நிமிடத்தை வகுப்பில் ஒலிக்கவிடுங்கள், தொடக்க அறிவிப்பை மட்டும் வெட்டிவிடுங்கள். எந்த வாக்கியத்தில் சந்தேகம் வந்தது, உடனே யாரிடம் கேட்டிருப்பீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். பிரின்ஸ்டனில் இருந்து பதினொரு மைலைப் பத்து நிமிடத்தில் வந்துசேர்ந்ததாக நிருபர் சொல்லும் இடம் ஒன்று வரும், அதை எத்தனை பேர் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் மறுநாள் முதல் பக்கச் செய்தியைக் கொடுத்து, அதில் எதற்கு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று கோடு போடச் சொல்லுங்கள். வினாத்தாளில் 'பத்து லட்சம் பேர்' என்று தொடங்கும் கேள்வி இருந்தால் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கீட்டோவைப் பற்றி ஒரு கேள்வி வையுங்கள்.

அன்புடன்,
வானொலி நாடகங்களை விடாமல் கேட்கும் ஒரு நேயர்