முடுக்கை உடைக்காமலும் வீட்டைத் திருத்தலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு வடக்கில் முடுக்குகளையும் (குறுகிய சந்தில் சுவரோடு சுவராக நிற்கும் வரிசை வீடுகள்) தோட்டங்களையும் (ஏழைகள் நெருக்கமாக வாழும் குடியிருப்புகள்) உடைத்துத் தொடர்மாடி கட்டுவது பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. அமைச்சர் பேசுகிறார், அதிகாரி பேசுகிறார். முடுக்கில் இருக்கிறவர்கள் பேசி நான் வாசித்தது குறைவு. அதனால் எழுதுகிறேன். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு முடுக்கில் இருக்கிறேன். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பது என் தொழில்.

எங்கள் முடுக்குக்கு ஒரு பிள்ளை வந்து போகிறாள். கட்டடக்கலை படித்து முடித்து அதிக காலம் ஆகவில்லை. வந்தவள் முதலில் வீட்டை அளக்கவில்லை. “அக்கா, ராத்திரி யார் யார் எங்கே படுப்பீங்க?” என்று கேட்டு, சொல்லச் சொல்லத் தரையில் சோக்கட்டியால் கோடு போட்டாள். மருமகன் கதவுக்குக் குறுக்கே படுப்பது, விடிய மூன்று மணிக்கு நான் அவரைத் தாண்டிக்கொண்டு அடுப்படிக்குப் போவது எல்லாம் தரையில் வந்துவிட்டது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம் முடுக்கு திரும்புகிற மூலையில் நின்று, “அலுமாரியை எப்படி உள்ளே கொண்டு வந்தீங்க?” என்றாள். அலுமாரியைக் கழற்றிக் கொண்டு வரலாம். செத்தவர்களைக் கழற்ற முடியுமா? எங்கள் முடுக்கில் சாவு விழுந்தால் பெட்டி உள்ளே வராது. உடலைப் பாயோடு பிடித்து ரோட்டுக்குக் கொண்டுபோய்த்தான் பெட்டியில் வைப்போம். அந்த மூலைச் சுவரை இடுப்புக்கு மேலே மட்டும் சாய்வாக வெட்டிக் கட்டினால் போதும் என்று அவள் படம் கீறியிருக்கிறாள். பெட்டியைத் தோளில்தானே தூக்குகிறோம், கீழே எதற்கு இடிக்க வேண்டும் என்கிறாள். இத்தனை வருஷமாக அந்த மூலையில் முட்டிக்கொண்ட எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை.

எங்கள் சுவர்கள் பழைய கபுக் கல்லும் (செம்மண் பாறையில் வெட்டி எடுக்கும் கல்) சுண்ணாம்பும். ஈரம் ஏறுகிறது என்று நாங்கள் சீமெந்து பூசப் பூச, அது சோறு வடித்த பானைக்கு மூடி போட்டதுபோல் ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்கிறதாம். சீமெந்தைக் கொத்தி எடுத்துவிட்டுத் திரும்பவும் சுண்ணாம்பே பூசச் சொல்கிறாள். முகட்டில் ஒரு முழ அகலத்துக்குத் தகட்டை உயர்த்திக் கட்டினால் என் அடுப்பு ஆவி மேலே போய்விடும், வெளிச்சமும் விழும் என்கிறாள். கழிவுநீர் போகும் பொதுக் கானின் வாட்டத்தையும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். ஒரு சின்னக் குறையும் சொல்ல வேண்டும். படத்தில் ஒவ்வொரு வாசலிலும் பூச்செடிக்கு இடம் வைத்திருந்தாள். அதை வெட்டிவிட்டு காஸ் சிலிண்டர் வைக்க இடம் விடு மகள் என்றேன். முகம் சுருங்கினாலும் மாற்றிக் கொடுத்தாள்.

பழைய வீட்டை உடைக்காமல் திருத்துவது புதிதும் இல்லை. ஜெப்ரி பாவா என்ற பெரிய கட்டடக்கலைஞர் 1958இலிருந்து கொள்ளுப்பிட்டிப் பக்கம் 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி, பெரும்பாலும் உடைத்துத் தள்ளாமல் உள்ளுக்குள் சின்னச் சின்ன முற்றங்கள் திறந்து ஒரே வீடாக்கினாராம். சரி, அவருக்கு நான்கு வீட்டில் ஒரு ஆள். எங்களுக்கு நான்கு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ். எனக்குப் பிடித்தது மினெட் டி சில்வா என்ற பெண் கட்டடக்கலைஞரின் கதை. 1950களில் கண்டி வட்டப்புலுவையில் அரசாங்க ஊழியர்களுக்கு வீட்டுத் திட்டம் போட்டபோது, குடியிருக்கப் போகிறவர்களிடமே எப்படி வாழ்கிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்டுத்தான் படம் கீறினாராம். சோக்கட்டியோடு வந்த பிள்ளை யாரைப் பார்த்துப் படித்தாள் என்பது அப்போது விளங்கியது.

தொடர்மாடியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. என் மச்சாள் ஒன்பதாம் மாடியில் இருக்கிறாள். சொந்தக் கக்கூஸ் ஒன்றே சொர்க்கம் என்பாள். ஆனால் முடுக்கு வாசலில் வடை சுட்டு விற்றவள் இப்போது வீட்டில் சும்மா இருக்கிறாள். லிப்ட் நின்றால் மாவு வாளியோடு ஒன்பது மாடி யார் ஏறுவது? 2010க்குப் பிறகு கட்டிய தொடர்மாடிகளில் பல வீடுகள் 400 சதுர அடி. அதற்குள் அடுப்பையும் உரலையும் தட்டுகளையும் வைத்து நான் எப்படித் தொழில் செய்வது?

முடுக்கு ஏன் இப்படிப் பாழானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாடகைக் கட்டுப்பாட்டால் வாடகை அடிமட்டத்தில் நின்றது, வீட்டுக்காரர் ஓடு மாற்றுவதை விட்டார். 1973இல், ஒருவர் இத்தனை வீடுதான் வைத்திருக்கலாம் என்ற வீட்டு உச்சவரம்புச் சட்டம் வந்ததும் அவரும் போனார். அவரவர் அறையை அவரவர் பார்த்துக்கொண்டோம். நடுச்சுவருக்கும் கானுக்கும் கூரைக்கும் கேட்க ஆளில்லாமல் போனது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளையின் படத்தை எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனோம். வீடு கட்ட ஆகக் குறைந்தது 6 பேர்ச் காணி (ஒரு பேர்ச் ஏறக்குறைய 272 சதுர அடி) வேண்டும், உங்கள் துண்டு ஒன்றுக்கும் அது இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். எங்கள் வரிசையில் 2 பேர்ச் வைத்திருப்பவர்தான் பணக்காரர்! சுவரை வெட்டவும் அனுமதி இல்லை, அனுமதி இல்லாததால் கடனும் இல்லை. உடைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வேறு. அந்தப் பயத்தில் யாரும் ஒரு மூட்டை சீமெந்து வாங்குவதில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1984இல், அப்போது பிரதமராக இருந்த பிரேமதாச பத்து லட்சம் வீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷம் அது நகரத்துக்கு வந்தபோது தோட்டங்களை விசேட திட்டப் பகுதிகளாக்கி, 2 பேர்ச் துண்டையே ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் சமூக அபிவிருத்திச் சபை அமைத்து, கான் எங்கே, பைப் எங்கே என்று ஆட்களை உட்கார வைத்துப் பேசினார்கள். எங்கள் முடுக்கில் ஒரு பெரியவர் அப்போது ஒரு சபையில் செயலாளராக இருந்தவர். நான் சொல்வதற்கு அவர் சாட்சி.

ஆகவே நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்பது இதுதான். எங்கள் வரிசையைத் துண்டு துண்டாக அளக்காமல் முழுவதையும் ஒரே காணியாக எடுத்து, திருத்த வேலைக்கு ஒரே அனுமதி கொடுங்கள். நடுச்சுவர், கூரை, கான் செலவுக்கு எல்லாக் குடும்பமும் சேர்ந்து கையெழுத்து வைக்கத் தயார். உடைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே எழுத்தில் சொல்லுங்கள். படத்தின் பிரதி எங்கள் மரண உதவிச் சங்கத்தில் இருக்கிறது. அதிகாரிகள் எப்போது வந்தாலும் காட்டுவோம்.

இப்படிக்கு,
இடியப்பம் அவிக்கும் ஒரு வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.