பச்சைச் சட்டைக்காரர்களின் ஊர்

பாப்பாவுக்கு,

உனக்கு அறை கிடைத்ததும், கடை கண்ணி எல்லாம் பக்கத்திலேயே இருப்பதும் கேட்டு நிம்மதியாக இருக்கிறது. ஆனால் போனை வைப்பதற்கு முன் ஒன்று சொன்னாய்: "இந்த ஊர்ல ஒண்ணுமே இல்லப்பா. சனிக்கிழமை ஆனா எல்லாரும் லியோனுக்கு ரயில் ஏறிடுறாங்க." அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் அம்மா போனை வாங்கி வடகம், குளிர்சட்டை என்று ஆரம்பித்துவிட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை இது. அதனால் எழுதுகிறேன்.

பிரான்ஸில் நீ இருக்கிற சேந்த் எத்தியென் என்ற பெயரை நான் பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பெரியப்பா எழுதிய கடிதங்களில்தான் படித்தேன். 1962-இல் நம் பாண்டிச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் பெரியப்பா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாகப் போனார். அவரை ஃப்ரேழூஸில் போட்டிருந்தார்கள். அங்கிருந்து வரும் கடிதத்தில் என் அம்மாவுக்கு நாலு வரி, என் அப்பாவுக்கு நாலு வரி, மீதி முழுக்க எனக்கு. அந்த மீதி முழுக்க ஃபுட்பால், அதுவும் சேந்த் எத்தியென் அணியின் ஃபுட்பால். கூடவே செய்தித்தாளில் வெட்டிய படங்கள் இருக்கும். படத்தில் பச்சைச் சட்டை சாம்பல் நிறத்தில்தான் தெரியும். பச்சை என்று அவர் எழுதியதால் எங்களுக்குப் பச்சை.

கடிதம் வந்த அன்று சாயங்காலம் உப்பளம் மைதானத்தில் நான்தான் வாசிப்பவன். பிரெஞ்சுத் துண்டுச் செய்தியை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லுவேன். பையன்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். டிவி நம் ஊர் வீடுகளுக்கு வராத காலம் அது. ஒரு ஆட்டம் நடந்து ரொம்ப நாள் கழித்துத்தான் அது எங்களுக்கு நடக்கும். ஆனாலும் யார் ஜெயித்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. கடைசி வரிக்கு வரும் வரைக்கும் ஒருவனும் எழுந்து போக மாட்டான்.

ஏன் அந்த அணி? பெரியப்பாவின் பட்டாளத்தில் மார்செய் அணிக்கு ஆள் உண்டு, நீஸ் அணிக்கு ஆள் உண்டு. ஆனால் அவர் பிடித்துக்கொண்டது இவர்களை. அதற்குக் காரணம் தாத்தா வேலை பார்த்த மில் என்று நான் நினைக்கிறேன். முதலியார்பேட்டை ரோடியர் மில்லில் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. 1936 ஜூலை 30-இல் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடி, சுடப்பட்டு இறந்த பன்னிரண்டு தொழிலாளர்களைப் பற்றித் தாத்தா வருஷா வருஷம் அந்தத் தேதியில் பேசுவார். நீயும் கேட்டிருக்கிறாய். சேந்த் எத்தியென் நிலக்கரிச் சுரங்க ஊர். சுரங்கத்துக்குள் இறங்கிக் கரி வெட்டியவர்கள், துப்பாக்கியும் சைக்கிளும் செய்த பட்டறைக்காரர்கள், ரிப்பன் நெய்தவர்கள் வாழ்ந்த ஊர். 1919-இல் அந்த அணியைத் தொடங்கியவர்களும் கசீனோ மளிகைக் கம்பெனியின் ஊழியர்கள்தான். கம்பெனியின் பச்சை நிறம்தான் சட்டையிலும் ஏறியது. கம்பெனியை ஆரம்பித்த ழொஃப்ருவா கிஷார் பெயரில்தான் மைதானம். "நம்ம மில்லு ஜனங்க மாதிரிதான்டா இங்க பாக்க வர்றவங்களும்" என்று பெரியப்பா ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். எங்களுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

இப்போது அணியைச் சொல்கிறேன். இந்தப் பெயர்கள் உனக்கு ஒன்றும் தராமல் போகலாம். இருந்தாலும் படி. கோலில் யுகோஸ்லாவியாக்காரர் இவான் சுர்க்கோவிச். தடுப்பில் அர்ஜென்டினாவின் ஒஸ்வால்டோ பியாஸா, அவர் பக்கத்தில் கிறிஸ்தியான் லோப்பேஸ். நடுவில் கேப்டன் ழான்-மிஷேல் லார்க்கே, பத்னே, சாந்தினி. முன்னால் ரெவெலி அண்ணன் தம்பி, எர்வே, பத்ரிக். ஓரத்தில் நீள முடியோடு தொமினிக் ரோஷ்தோ. 'பச்சை தேவதூதன்' என்று பத்திரிகைகள் அவருக்குப் பெயர் வைத்தன. எங்கள் தெருவில் பாதிப் பேர் முடி வெட்டிக்கொள்ள மறுத்ததற்கு அவர்தான் காரணம். பயிற்சியாளர் ரொபேர் எர்பேன். சுருட்டைச் செம்முடி, சிரிக்காத முகம், வீட்டில் மேற்கத்திய செவ்வியல் இசை கேட்கிற மனிதர்.

ஆனால் என் ஆள் ழெரார் ழான்வியோன். மார்த்தினிக் தீவில் பிறந்தவர், கறுப்பர். தடுப்பாட்டக்காரர் என்பதால் பத்திரிகைகளில் அவரைப் பற்றிக் கொஞ்சம்தான் வரும். பெரியப்பா தேடித் தேடி அவர் படத்தை வெட்டி அனுப்புவார். பிரான்ஸ் என்ற பெயரைக் கேட்டாலே எங்கள் கண்ணுக்கு வெள்ளை முகம்தான் வந்துகொண்டிருந்தது. கடலுக்கு அப்பால் இன்னொரு பழைய காலனியில் பிறந்தவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஐரோப்பாவின் பெரிய முன்னாட்டக்காரர்களை எல்லாம் மறித்து நின்றார். அப்புறம் 1978, 1982 உலகக் கோப்பைகளில் பிரான்ஸுக்கும் ஆடினார். கறுத்த பையனான எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எந்த ஆட்டத்தை இவர்கள் இன்னும் பேசுகிறார்கள் என்று அங்கே யாரையாவது கேட்டால் கிளாஸ்கோ என்பார்கள். என்னைக் கேட்டால் அதற்கு முன்னால் நடந்தது. 1976 மார்ச் 17, ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதி, எதிரே சோவியத் யூனியனின் டைனமோ கீவ். இரண்டு ஆட்டம், இரண்டின் கோலையும் கூட்டித்தான் வெற்றி. முதல் ஆட்டத்தில் சேந்த் எத்தியென் 0-2 தோற்றிருந்தது. கீவ் அணியின் ஒலெக் பிளோகின் அப்போதுதான் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியிருந்தார். இரண்டாம் ஆட்டம் உன் ஊர் மைதானத்தில். பாதி ஆட்டம் வரை கோல் இல்லை. இடைவேளைக்குப் பிறகு பிளோகின் தனியாகப் புகுந்துவிட்டார். பக்கத்தில் அவருடைய ஆள் காலியாக நிற்கிறார். பந்தைத் தள்ளியிருந்தால் கதை முடிந்தது. அவர் தானே முடிக்கப் பார்த்தார். லோப்பேஸ் காலை நீட்டிப் பந்தை எடுத்தார். எடுத்த பந்து பியாஸாவிடம். அவர் தலைமுடி பறக்க மைதானத்தை நெடுக ஓடினார். அங்கிருந்து பத்ரிக் ரெவெலி, அவரிடமிருந்து எர்வே ரெவெலி. கோல்! அந்தப் பக்கம் விழ வேண்டிய கோல் சில நொடிகளில் இந்தப் பக்கம் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் லார்க்கே ஒரு ஃப்ரீ கிக்கில் இன்னொன்று போட்டார். கூடுதல் நேரம். ரோஷ்தோவுக்குக் கால் பிடித்துக்கொண்டு நடக்கவே முடியவில்லை, காலுறை கணுக்காலுக்கு இறங்கிக் கிடக்கிறது. அந்தக் காலோடு அவர் மூன்றாவது கோலைப் போட்டார். 3-0.

இதை நான் வாசித்து முடித்தபோது மைதானத்தில் போட்ட சத்தத்துக்கு, பக்கத்தில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

சில வருஷங்களுக்கு முன் உன் அண்ணன் அந்த ஆட்டத்தை இன்டர்நெட்டில் தேடி எடுத்துக் கொடுத்தான். முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். இன்றைய ஆட்டத்தோடு வைத்தால் மெதுவாகத்தான் இருக்கிறது. கோலிக்கே பந்தைத் திருப்பித் தருகிறார்கள், அவர் கையால் எடுக்கிறார். ஆனால் பியாஸாவின் அந்த ஓட்டம் நான் கடிதத்தில் படித்துக் கற்பனை செய்திருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. வயதானவர்கள் பழையதை எல்லாம் பெரிதாக்கிச் சொல்வார்கள் என்று நீ நினைப்பாய். நீயே பார்த்துச் சொல்.

சரி, கிளாஸ்கோவுக்கு வருகிறேன். 1976 மே 12, ஹாம்ப்டன் பார்க், ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே பெக்கன்பவர், கெர்ட் முல்லர், செப் மேயர் ஆடிய பயேர்ன் மூனிக். முந்தைய இரண்டு வருஷமும் கோப்பையை எடுத்தவர்கள். பிரெஞ்சு கிளப் எதுவும் அதுவரை அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. முதல் பாதியில் பத்னே தூரத்திலிருந்து அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சாந்தினி தலையால் முட்டியதும் அதே குறுக்குக் கம்பம்தான். ஹாம்ப்டனில் கோல் கம்பங்கள் சதுரம், உருண்டை இல்லை. உருண்டையாக இருந்திருந்தால் பட்ட பந்து உள்ளே போயிருக்கும் என்று பிரான்ஸ் முழுக்க இன்றைக்கும் சொல்கிறார்கள். இடைவேளைக்குப் பிறகு பயேர்னின் ரோத் ஒரு ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தார். காயத்தில் இருந்த ரோஷ்தோவைக் கடைசிச் சில நிமிடங்களுக்குத்தான் இறக்க முடிந்தது. 0-1.

கம்பத்தைக் குறை சொல்வதை நான் ஏற்றுக்கொண்டதே இல்லை. இரண்டு பக்கமும் அதே கம்பம்தான் நின்றது. ரோஷ்தோ முழு ஆட்டமும் ஆடியிருந்தால் என்று வேண்டுமானால் பேசலாம். பெரியப்பா இதைக் கேட்டாலே கோபப்படுவார். அவர் பட்டாளத்து மெஸ்ஸில் டிவியில் நேரடியாகப் பார்த்தவர், அதனால் தனக்குத்தான் தெரியும் என்பார்.

மறுநாள் தோற்ற அணியைப் பாரிஸுக்கு அழைத்து ஷான்ஸெலிஸே வீதியில் ஊர்வலமாகக் கூட்டிப்போனார்கள். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நின்று கத்தினார்கள். ஜனாதிபதி ழிஸ்கார் தெஸ்தேன் மாளிகையில் வரவேற்றார். ஊர்வலப் படம் போட்ட பத்திரிகையைப் பெரியப்பா மடித்து அனுப்பியிருந்தார். அதை ஒருவர் மாற்றி ஒருவர் கையில் வாங்கிப் பார்த்து, மடிப்பில் கிழிந்து இரண்டாகிவிட்டது. அந்த மாதமே நாங்கள் காசு போட்டுப் பெரிய மார்க்கெட்டில் சாயம் வாங்கி வெள்ளை பனியனை எல்லாம் பச்சையாக்கினோம். முதல் மழைக்கே சாயம் இறங்கி உடம்பெல்லாம் பச்சை. அதைத் தேய்த்துக் கழுவாமல் வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

அதன் பிறகு நடந்தவற்றை விரித்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 1981-இல் பிளாத்தினி இருந்த அணி பத்தாவது தடவையாக லீக் பட்டம் எடுத்தது. அடுத்த வருஷமே கணக்கில் காட்டாத பணம் வெளியே வந்து தலைவர் ரோழே ரொஷே பதவி விலகினார். 1984-இல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஏறியது, இறங்கியது, 2025-இல் மறுபடியும் இறங்கியது. பத்துப் பட்டம் என்ற சாதனையையும் பாரிஸ் அணியான பிஎஸ்ஜி தாண்டிவிட்டது. நம் தெருவில் இன்று பையன்கள் போட்டுக்கொண்டு திரிவதும் அந்தச் சட்டைதான். அவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. ஆனால் அவர்கள் வாங்கிய சட்டைக்குப் பின்னால் ஒரு ஊர் தெரியவில்லை என்பது என் வருத்தம். எங்கள் பச்சைக்குப் பின்னால் சுரங்கமும் கரிமேடும் சம்பளப் பாக்கியும் தெரிந்தன. பார்க்காத ஊர்தான், ஆனாலும் எங்களுக்கு அது தெரிந்த ஊர்.

உன் ஊரின் கூரியோ சுரங்கத்தை 1973-இலேயே மூடிவிட்டார்கள். அதாவது, அணி உச்சத்தில் இருந்தபோதே ஊருக்கு வேலை போய்க்கொண்டிருந்தது. அவர்கள் ஏன் அப்படிக் கத்தினார்கள் என்று இப்போது எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது. நம் மில்லை 2011-இல் 'தானே' என்ற புயல் சாய்த்துப் போட்டதையும், 2020-இல் ஒரேயடியாக மூடியதையும் நீயே பார்த்தாய். தாத்தா அதைப் பார்க்காமல் போனதில் எனக்கு ஆறுதல்தான்.

ஆகவே ஒரு சனிக்கிழமை லியோனுக்குப் போகாமல் இரு. காலையில் கூரியோவுக்குப் போ, அது இப்போது அருங்காட்சியகம். பக்கத்திலேயே இரண்டு கரிமேடுகள் மரம் முளைத்து நிற்கும். அங்கிருந்து மைதானம் போ. இரண்டாம் பிரிவு ஆட்டம் என்றாலும் கூட்டம் வரும், டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிடு. பச்சையில் எதையாவது போட்டுக்கொள். லியோனைப் பற்றி அங்கே நல்லதாக ஒன்றும் பேசிவிடாதே, அவர்களுக்குள் பழைய பகை.

மைதானத்துக்குள்ளேயே கிளப்பின் அருங்காட்சியகம் இருக்கிறது, 2013-இல் திறந்தது. ஹாம்ப்டனின் அந்தச் சதுரக் கம்பங்களை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து அங்கே வைத்திருக்கிறார்கள். அனுமதி கேட்டுக்கொண்டு அதற்குப் பக்கத்தில் நின்று வீடியோ கால் போடு. பெரியப்பாவும் அவரோடு பெத்தாங் இரும்புக் குண்டு ஆடுகிற கோஷ்டியும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடுவார்கள், உனக்கு அது மதியம். கம்பத்தின் விளிம்பை நன்றாகக் கிட்டத்தில் காட்டச் சொல்கிறார் பெரியப்பா. எனக்கு ழான்வியோன் படம் ஏதாவது இருந்தால் எடுத்து அனுப்பு. என்றைக்குப் போகிறாய் என்று முதல் நாளே மெசேஜ் போட்டுவிடு. பெரியப்பா போனில் சார்ஜ் போட்டு, கோஷ்டியில் எல்லோருக்கும் நான் சொல்லி வைக்க வேண்டும்.

வடகம் பார்சல் திங்கட்கிழமை போகிறது.

அன்புடன்,
அப்பா