பச்சை கூடினால் பசி தீருமா?

ஆசிரியருக்கு,

ஆர்க்டிக் வெப்பமாகி, அங்குள்ள மரமில்லாக் குளிர்ச் சமவெளியான துந்த்ரா பசுமையாவதால் துருவமான்களுக்கும் கஸ்தூரி எருதுகளுக்கும் இனித் தீனிப் பஞ்சமில்லை என்ற தொனியில் செயற்கைக்கோள் படத்தோடு வந்த உங்கள் செய்தியைப் படித்தேன். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அசைபோடும் விலங்கு எவ்வளவு தின்னும் என்பதை முன்னால் கிடக்கும் தீவனம் மட்டும் முடிவு செய்வதில்லை. தின்றது எவ்வளவு சீக்கிரம் செரித்து நகர்கிறது என்பதும்தான் முடிவு செய்கிறது. நார் மிகுந்த முற்றிய கோரைப்புல், வயிற்றின் முதல் அறையிலேயே நாள்கணக்கில் தங்கிவிடும், அது நகராமல் அடுத்த வாய்க்கு இடமில்லை. கால்நடை மருத்துவராக நான் பிரேதப் பரிசோதனை செய்த சில மாடுகளின் வயிறு வைக்கோலால் திணிந்திருந்தது, உடம்பில் கொழுப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம், துந்த்ராவில் பச்சையாகத் தெரிவதெல்லாம் நல்ல தீனியும் அல்ல. அங்கே பரவுபவற்றில் முக்கியமானவை புதர்கள். வட அமெரிக்கப் பகுதியில் பெருகும் குட்டை பிர்ச் என்ற புதரின் பிசின் பூசிய துளிர்களை மான்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். தரையிலும் பாறையிலும் பாசிபோல் படரும் லைக்கன் நன்றாகச் செரிக்கும், சரி, ஆனால் அதில் புரதம் சொற்பம். அடுத்த முறை செயற்கைக்கோள் படத்தோடு நிறுத்தாமல், அந்த இலைகளில் புரதம் எவ்வளவு, நார் எவ்வளவு என்று ஆய்வாளர்களிடம் கேட்டுப் போடுங்கள்.