பூட்டை உடைக்கும் முன் போர்ட் எண்ணைக் கேளுங்கள்

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(2)ஆம் விதி, 50 லட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட மெசேஜிங் செயலிகள் ஒரு செய்தியை முதன்முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வேண்டும் என்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றப் படங்களைத் தடுப்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அதை எதிர்த்து வாட்ஸ்அப் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சட்ட வாதங்களுக்குள் நாங்கள் நுழையவில்லை. இந்த விதியால் ஒரு குழந்தையாவது காப்பாற்றப்படுமா என்று மட்டும் கேட்கிறோம். எங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை.

முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர நிறுவனம்கூடப் படிக்க முடியாத பூட்டு) உள்ள செயலியில் முதல் அனுப்புநரைத் தேட வேண்டுமானால், எல்லோருடைய எல்லாச் செய்திகளுக்கும் ஓர் அடையாளக் குறியீட்டை முன்கூட்டியே ஒட்டிவைக்க வேண்டும். எந்தச் செய்தி நாளை வழக்காகும் என்று யாருக்கும் தெரியாதே. இவ்வளவு செய்தும், படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் அது புதுக் கோப்பு. சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. படம் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால், இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியவரே முதல் அனுப்புநராகக் கருதப்படுவார். மகளின் போனில் வந்த படத்தைப் பார்த்துப் பதறி, என்ன செய்வது என்று பள்ளி ஆசிரியருக்கு அனுப்பிய தாயும் அந்த வரையறைக்குள் வருவார்.

போனுக்குள்ளேயே படங்களைச் சோதிக்கலாமே என்பவர்கள் ஆப்பிளின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் அறிவித்த திட்டத்தில், ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுடுக்குப் போகும் படங்களின் ஹேஷ் (படத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற குறியீடு), ஏற்கெனவே அறியப்பட்ட குற்றப் படங்களின் பட்டியலோடு ஒப்பிடப்படும். ஏறக்குறைய 30 படங்கள் பொருந்தினால்தான் மனிதர் பார்ப்பார். கவனமாக வடிவமைத்த திட்டம்தான். ஆனாலும் அந்த ஹேஷ் முறையை ஐபோனிலிருந்தே பிரித்தெடுத்து, தொடர்பில்லாத இரு படங்களுக்கு ஒரே ஹேஷ் வரும்படி சில வாரங்களுக்குள் செய்துகாட்டிவிட்டார்கள். பட்டியலில் நாளை வேறு எதையும் சேர்க்க மாட்டார்கள் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. 2022 டிசம்பரில் ஆப்பிள் அதைக் கைவிட்டது. சிறுவர் கணக்குகளில் நிர்வாணப் படத்தைப் போனே கண்டறிந்து மங்கலாக்கும் வசதியை மட்டும் வைத்துக்கொண்டது. அதன் முடிவு போனை விட்டு வெளியே போவதில்லை. இதை நாங்கள் ஆதரிக்கிறோம்.

உண்மையில் வேலை தேங்கிக் கிடப்பது வேறு இடத்தில். அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் தளங்களில் கண்டறிவதை அங்குள்ள நெக்மெக் (காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம்) அமைப்புக்குத் தெரிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவை. 2019இல் செய்த ஒப்பந்தப்படி, இந்தியா தொடர்பான தகவல்கள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வந்து, மாநிலக் காவல் துறைக்குப் போகின்றன. அறிக்கையில் பெரும்பாலும் இருப்பது ஓர் ஐ.பி. முகவரியும் (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) நேரமும். நம் மொபைல் நிறுவனங்களின் ஐபிவி4 (பழைய முகவரி முறை) இணைப்பில் ஒரே பொது முகவரியை ஒரே நொடியில் பல நூறு சந்தாதாரர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பிரித்துக் காட்டுவது, முகவரியோடு ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாகத் தரப்படும் சோர்ஸ் போர்ட் எண். அது இல்லாமல் போனால் விசாரணை அதிகாரி கையில் இருப்பது ஒரு கூட்டத்தின் முகவரிதான். புதிய முறையான ஐபிவி6 முகவரியில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

நேரத்திலும் கோட்டைவிடுகிறோம். அறிக்கையில் உள்ள நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். அதோடு 5 மணி 30 நிமிடம் கூட்டாமல் அப்படியே மொபைல் நிறுவனத்திடம் கேட்டால், அந்த நேரத்தில் அதே முகவரியில் இருந்த வேறொரு குடும்பத்தின் கதவு தட்டப்படும். தனியுரிமை மீறலும் விசாரணைத் தோல்வியும் ஒரே தவறில் நடக்கின்றன. அறிக்கை மேசைக்கு மேசை நகரும் மாதங்களும் கணக்கில் வரும்: மொபைல் நிறுவனங்கள் இணைப்புப் பதிவுகளை 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், அமெரிக்க நிறுவனங்கள் தாம் புகாரளித்தவற்றை 2024 முதல் ஓராண்டு. அதுவரை அந்தக் காலம் 90 நாள்தான்.

2024 செப்டம்பரில், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், நிறுவனங்கள் நெக்மெக்குக்குச் சொன்னால் மட்டும் போதாது, போக்சோ சட்டப்படி இங்குள்ள காவல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது. அந்தத் தகவல் எந்த வடிவில் வர வேண்டும் என்று அமைச்சகம் வரையறுக்கலாம்: ஐ.பி. முகவரி, சோர்ஸ் போர்ட், நொடி வரை நேரம், நேர மண்டலம், கோப்பின் ஹேஷ், அந்தக் கோப்பை நிறுவனத்தில் மனிதர் யாராவது பார்த்தாரா இல்லையா. இதற்கு எந்த மறையாக்கத்தையும் உடைக்க வேண்டியதில்லை.

பெறுபவரின் போனில் செய்தி ஏற்கெனவே திறந்தே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கைப் புகார் செய்தால் கடைசி 5 செய்திகள் நிறுவனத்துக்குப் போகின்றன. வாரக்கணக்கில் பேசி ஒரு சிறுமியை மயக்குபவனின் கடைசி 5 செய்திகள் வெறும் “சாப்டியா”வாக இருக்கலாம். தனிச் செய்தியைப் புகார் செய்யும் வழி உண்டு. பலருக்கு அது தெரியாது. எந்தச் செய்திகளை அனுப்புவது என்று புகார் செய்பவரே தேர்ந்தெடுக்கும் திரை, தமிழ் உள்ளிட்ட மொழிகளில், குழந்தை தொடர்பான புகார் என்ற தனித் தெரிவோடு வேண்டும். புகாரளிப்பதற்காக அனுப்புவதைப் போக்சோ 15ஆம் பிரிவு குற்றத்திலிருந்து விலக்கியிருப்பதையும், பிறருக்கு ஃபார்வேர்டு செய்யக் கூடாது என்பதையும் அதே திரையில் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பயத்தில் அழித்துவிடுபவர்கள்தான் அதிகம்.

வயது பற்றி ஒன்று. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. நம் வீடுகளில் குழந்தை பயன்படுத்துவது பெரும்பாலும் அப்பாவின் போன், அம்மாவின் எண். அந்தக் கணக்கின் வயது 40. ஆதார் நகல் கேட்டாலும் அதே 40தான் வரும். கூடவே திருடுபோகக்கூடிய ஆவணக் குவியல் ஒன்றும் சேரும். எனவே தெரியாத எண்ணிலிருந்து வரும் படம் தானாக இறங்காமலும், அறிமுகமில்லாதவர் குழுவில் சேர்க்க முடியாமலும் இருப்பது எல்லாக் கணக்குகளுக்குமே தொடக்க அமைப்பாக வேண்டும்.

4(2)ஆம் விதியிலேயே, உரிமையைக் குறைவாகப் பாதிக்கும் வேறு வழி பலன் தருமானால் முதல் அனுப்புநரைக் கேட்டு உத்தரவிடக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்னவை அந்த வேறு வழிகள். முதலில் அறிக்கைப் படிவத்தை வெளியிடுங்கள். கூடவே, வந்த அறிக்கைகளில் எத்தனை போர்ட் எண் இல்லாமல் முடங்கின, எத்தனை பதிவுக்காலம் முடிந்ததால் முடங்கின என்ற கணக்கை மாநிலவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தகவல் பாதுகாப்பிலும் குழந்தைகள் பாதுகாப்பிலும் பணிபுரிவோர்